அரைப் பேர்



"அரைப் பேர்" என்ற சொல்லை நமது தோட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் புறப்படுத்திவிட்டு, பிரட்டுக்குப் போய், மழையிலும் பனியிலும் அட்டைக் கடியிலும் நின்று கொழுந்தெடுத்தவள் தராசடியில் கூடையை இறக்குகிறாள். தோட்டம் கேட்ட நிறை வரவில்லை. அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர். முழு நாளும் அவள் பட்ட பாடு பாதியாகக் கணக்கில் ஏறுகிறது. சம்பள நாளில் அந்தப் பாதிகளைக் கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடாத வீடு லயத்தில் உண்டா?

இந்தச் சொல்லை ஒரு தாய் என் முகத்துக்கு நேரே சொன்னாள். பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இன்று அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

அப்போது நான் ஹற்றன் பக்கத்தில் ஒரு பங்கில் இருந்தேன். புது நன்மை வாங்கப்போகும் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு தாய் பத்து வயதுச் சிறுமியொருத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். டவுன் சின்ட்ரோம் என்று வைத்தியர்கள் சொல்லும் நிலையோடு பிறந்த பிள்ளை. பேச்சுத் தெளிவாக இல்லை. கோவில் மணியைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"சாமி, இந்தப் புள்ள பேரையும் எழுதிக்குங்க" என்றாள் தாய்.

நான் சினந்து பேசவில்லை. அன்பாகத்தான் பேசினேன். அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. "இவளுக்கு என்னம்மா விளங்கும்? பாவமே அறியாத பிள்ளை. ஆண்டவர் இவளிடம் ஒன்றும் கேட்கமாட்டார். நீ கவலைப்படாமல் போ" என்று சொல்லிப் பிள்ளையின் தலையில் சிலுவை வரைந்து அனுப்பப் பார்த்தேன்.

அவள் சற்றுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "சரிங்க சாமி. எங்க போனாலும் இவளுக்கு அரப் பேருதான்" என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துப் படியிறங்கிப் போய்விட்டாள்.

நானும் அதை மறந்துவிட்டேன். அல்லது, மறந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

ஆய்க்குடியில் கண்டது

சென்ற ஆண்டு, பாளையங்கோட்டை மறைமாவட்டத்தில் குருவாயிருக்கும் என் நண்பர் ஒருவரின் குருத்துவ வெள்ளி விழாவுக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பஸ். நம் பாட்டனும் பூட்டனும் பஞ்சத்துக்குப் பயந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்ட சீமை அது. அவர்கள் நடந்தும், தோணியேறியும், மன்னார்க் காட்டில் பலரைப் புதைத்தும் வந்த தூரத்தை நான் ஒரு பகற்பொழுதில் எதிர்த்திசையில் கடந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாகத் தெரிந்தபோது, நம் ஊர் மலையையே மறுபுறமிருந்து பார்ப்பது போலிருந்தது.

விழா முடிந்த மறுநாள், "ஆய்க்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று நண்பர் கூட்டிச் சென்றார். தென்காசியிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஊர். அங்கே அமர் சேவா சங்கம் என்ற ஒரு நிறுவனம் இருக்கிறது.

அதன் வரலாறு இது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1975ஆம் ஆண்டு பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில், உடல் வலிமையைச் சோதிக்கும் பயிற்சியின்போது உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துப் பகுதியில் முதுகுத்தண்டு அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. இப்படி ஒருவர் வீடு திரும்பினால் நாம் என்ன செய்வோம்? கட்டிலை மூலையில் போட்டு, நேரத்துக்குச் சோறூட்டி, "விதி" என்று சொல்லிவிடுவோம். அவரோ, படை மருத்துவமனையில் தம்மைத் தேற்றிய மருத்துவர் அமர்ஜித் சிங் சகல் அவர்களின் பெயரை வைத்து, 1981ஆம் ஆண்டில் இச்சங்கத்தைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் சபை அந்த ஆண்டைத்தான் உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. சில பிள்ளைகளோடு எளிய முறையில் தொடங்கிய பணி அது. பின்னர், தசைச் சிதைவு நோயினால் சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்காளரான எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்துகொண்டார். எழுந்து நிற்க இயலாத இருவர் பல்லாயிரம் பேரை நிற்க வைத்தார்கள். 2020ஆம் ஆண்டில் இந்திய அரசு இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவர்கள் நம் மறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். தம் சீடரோடு சேராத ஒருவர் நன்மை செய்ததைக் கண்டு தடுக்கப் போனவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு எழுதியிருக்கிறார். சமாரியனைப் புகழ்ந்தவர் நம் ஆண்டவர். ஆகவே, நல்லது எங்கே நடந்தாலும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கற்றுக்கொள்வதே நமக்கு அழகு.

அவ்வளாகத்தில் சிவசரஸ்வதி வித்யாலயா என்ற பாடசாலை நடைபெறுகிறது. அதைத்தான் முக்கியமாகப் பார்க்க விரும்பினேன். ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்று தனிப் பாடசாலைகள் தமிழ்நாட்டுக்குப் புதியவையல்ல. பாளையங்கோட்டையிலேயே, ஸ்வைன்சன், ஆஸ்க்வித் என்னும் ஆங்கிலிக்கன் மிஷன் பெண்மணிகள் காது கேளாதோருக்கும் கண் தெரியாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகளைத் தொடங்கிவிட்டார்கள். எல்லாக் கதவும் மூடியிருந்த காலத்தில் ஒரு கதவைத் திறந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்வோம். சைகை மொழியும் புள்ளி எழுத்தும் முறையாகக் கற்பிக்க அத்தகைய பள்ளிகள் இன்றும் தேவைதான். ஆனால் ஆய்க்குடியில் நான் கண்டது வேறு. அங்கே ஊனமுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே பாடசாலையில், ஒரே மணிக்கு எழுந்து, ஒரே கரும்பலகையைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

ஒரு வகுப்பு வாசலில் சிறிது நேரம் நின்றேன். காலில் இரும்புப் பட்டை கட்டிய சிறுவன் ஒருவன். பக்கத்தில் கால்கள் நன்றாயுள்ள சிறுவன். இருவருக்கும் நடுவில் ஒரே புத்தகம். இடைவேளை மணி அடித்தது. ஒரு சிறுமி எழுந்து, யாரும் சொல்லாமலே, தோழியின் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனாள். முகத்தில் இரக்கம் காட்டவில்லை. ஏதோ ஒரு விளையாட்டைப் பற்றி இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

அந்தச் சண்டையைக் கேட்டபோதுதான் எனக்கு உள்ளே ஏதோ உடைந்தது. இரக்கப்படுகிறவனோடு யாரும் சண்டை போடுவதில்லை. சமமானவளோடுதான் சண்டை போடுவோம். அந்தப் பிள்ளைக்கு அங்கே முழுப் பேர் விழுந்திருந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் என் முன்னால் கோவில் மணியைக் காட்டிச் சிரித்த முகம் அப்போது நினைவுக்கு வந்தது.

வாசலை அடைத்தவர்கள் யார்?

ஆய்க்குடியில் படிகளுக்குப் பதிலாகச் சரிவான நடைபாதைகள் இருக்கின்றன. சக்கர நாற்காலி தானே ஏறிப் போகும். இது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. கொஞ்சம் சீமெந்தும் கொஞ்சம் அக்கறையும் போதும். ஆனால் அதைப் பார்த்தபோது மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் புதிதாக விளங்கியது.

கப்பர்நாகூமில் ஆண்டவர் ஒரு வீட்டில் போதிக்கிறார். திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். உள்ளே நுழைய முடியவில்லை. கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். எத்தனையோ தடவை இதைப் பிரசங்கித்திருக்கிறேன். ஒரு தடவையாவது, "அவனை வெளியே நிறுத்தியது எது?" என்று நான் கேட்டதில்லை. அவனுடைய நோயா? இல்லையே! நோயோடுதான் அவன் வாசல்வரை வந்துவிட்டான். அவனைத் தடுத்தது கூட்டம். அதுவும் எந்தக் கூட்டம்? ஆண்டவருடைய திருவாக்கைக் கேட்க வந்த பக்தியுள்ள கூட்டம். ஒருவரும் அவனை வெறுக்கவில்லை. ஒருவரும் அவனை ஏசவில்லை. ஆனால் ஒருவரும் நகரவுமில்லை.

அன்பர்களே, அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவன் நான். நம் கோவில்கள் பலவற்றுக்கு எத்தனை படிகள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கால் முடியாத கிழவி அந்தப் படிகளின் கீழ் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவதைப் பார்த்திருக்கிறோம். அவளுடைய பக்தியை மெச்சியிருக்கிறோம். படியைப் பற்றி யோசித்ததில்லை.

யார் செய்த பாவம்?

கூட்டத்தைவிடக் கொடிய தடை ஒன்று நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. அது வெட்கம்.

லயத்துக் காம்பராவில் விருந்தாளி வந்தால், இஸ்தோப்பிலிருந்த பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறோம். மூத்தவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இளையவனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். "யார் செய்த பாவமோ" என்று அடுத்த காம்பராக்காரி சொல்கிறாள். பெற்றவளும் அதை நம்பிவிடுகிறாள். இதே கேள்வியைச் சீடர்களும் கேட்டார்கள். பிறவிக் குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று விசாரித்தார்கள். இரண்டுமில்லை என்று ஆண்டவர் வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். அருளப்பர் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பச் செபத்தில் வாசித்துப் பாருங்கள்.

ஆண்டவர் சொன்னதற்கு விஞ்ஞானமும் சாட்சி சொல்கிறது. மனித உடலின் உயிரணுக்களில் பொதுவாக நிறமூர்த்தங்கள் என்னும் நுண்ணிய இழைகள் 46 உண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அவை 47 இருக்கும். 1959ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜெரோம் லெஜ்யூன், மார்த்தா கோத்தியே முதலிய மருத்துவர்கள் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இருபத்தோராம் இணையில் ஓர் இழை கூடுதல். அவ்வளவுதான். சாபமில்லை, செய்வினையில்லை, தாய் செய்த குற்றமில்லை. லெஜ்யூன் நல்ல கத்தோலிக்கர். தாம் கண்டுபிடித்ததை வைத்தே இத்தகைய பிள்ளைகளைக் கருவிலேயே அழிக்கத் தொடங்கியதைக் கண்டு மனம் நொந்து, சாகும்வரை அப்பிள்ளைகளுக்காக வாதாடினார். 2021ஆம் ஆண்டில் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

அதே 2021ஆம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ் இன்னொருவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். இத்தாலியில் 1287ஆம் ஆண்டு பிறந்த கஸ்தெல்லோ நகர் மார்கரீத்தம்மாள். பிறவியிலேயே கண் தெரியாதவள். கூன் விழுந்து, கால் விளங்காத குள்ள உருவம். பெற்றோர் செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்கள். ஊரார் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கத்தால், ஒரு கோவிலை ஒட்டிச் சிறு அறை கட்டி அதில் அவளை அடைத்தே வைத்தார்கள். பின்பு, புதுமை நடக்கும் என்று நம்பி ஒரு கல்லறைக்கு அழைத்துப் போனார்கள். புதுமை நடக்கவில்லை. பிள்ளையை அந்த அந்நிய நகரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அவளை எடுத்து வளர்த்தவர்கள் யார்? அந்த நகரத்து ஏழைகள். ஒருவர் வீட்டில் சில நாள், இன்னொருவர் வீட்டில் சில நாள் என்று மாறி மாறி வைத்துக் காத்தார்கள். அவளோ அந்த வீடுகளிலுள்ள பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். அவர்களுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தாள். சிறையிலிருந்தவர்களைத் தேடிப் போனாள். தொமினிக்கன் மூன்றாம் சபையில் சேர்ந்து, 33ஆம் வயதில் இறந்தாள். பெற்றோர் எதிர்பார்த்த புதுமை அவளுடைய கண்ணிலும் காலிலும் நடக்கவில்லை. ஏழைகளின் வீடுகளில் நடந்தது. மார்கரீத்தம்மாளை ஒளித்து வைத்த மாளிகையின் பெருமை போய்விட்டது. அவளுக்குக் கஞ்சி ஊற்றிய வீடுகளின் புண்ணியம் எழுநூறு ஆண்டுகளாக நிற்கிறது.

பேர் இல்லாதவர்களாக இருந்தோமே

மலையகத்தவர்களாகிய நமக்கு இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட அதிகக் கடமை உண்டு என்று நான் நினைக்கிறேன். ஏன் தெரியுமா?

1945ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. நாடெங்கும் கொண்டாடினார்கள். தோட்டப் பாடசாலைகளுக்கு மட்டும் அது வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக்குமேல் என்னத்துக்கு, கொழுந்து பறிக்க எழுத்து வேண்டுமா என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். 1970களில்தான் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, நம் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே எழுத்தில் நாடற்றவர்களானார்கள். எந்த நாட்டுப் பட்டியலிலும் நமக்குப் பேர் இல்லை. அந்தக் கணக்கு முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுவரை காத்திருந்தோம்.

பட்டியலில் பேர் இல்லாமற் போவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். "இவர்களுக்கு என்ன விளங்கும்?" என்று பிறர் நம்மைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தையை, நம் வீட்டிலேயே பிறந்த பிள்ளையைப் பற்றி நாம் சொல்லலாமா? எகிப்தில் அந்நியராயிருந்ததை மறவாதபடி இஸ்ராயேல் மக்களுக்கு ஆண்டவர் திரும்பத் திரும்ப நினைவூட்டினார். அந்நியனை ஒடுக்காதே, நீயும் அப்படி இருந்தவன்தானே என்பது அதன் கருத்து. நமக்கும் அதுவே கட்டளை.

இன்று சட்டம் நம் பிள்ளைகள் பக்கம் இருக்கிறது. ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கையில் 1996ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஊனமுற்ற பிள்ளையை ஊனத்தைக் காரணம் காட்டிப் பொதுப் பாடசாலையிலிருந்து ஒதுக்கலாகாது என்று கூறும் ஐக்கிய நாடுகள் சபையின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையை நம் நாடு 2016இல் உறுதிப்படுத்தியது. ஐந்து வயது முதல் பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம். அந்தச் சட்டத்தில் "நன்றாக நடக்கும் பிள்ளைக்கு மட்டும்" என்று எங்கும் எழுதவில்லை.

அரசரின் பந்தியில்

சாமுவேலின் இரண்டாம் ஆகமத்தில் ஒரு சிறு வரலாறு உண்டு. அரசர் சவுலின் பேரன், யோனத்தானின் மகன் மெபிபொசேத். போரில் தகப்பன் இறந்த செய்தி வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடுகிற அவசரத்தில் பிள்ளை கீழே விழுந்து இரண்டு கால்களும் முடமாயின. ஆண்டுகள் சென்றன. தாவீது அரசரானபின் அவனைத் தேடி ஆள் அனுப்பினார். அவன் நடுங்கிக்கொண்டு வந்து, செத்த நாயைப் போன்ற என்னை ஏன் நோக்குகிறீர் என்று கேட்டான். அரசரோ அவனுடைய பாட்டன் நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, தம் பிள்ளைகளில் ஒருவனைப்போல் தினமும் தம் பந்தியிலேயே உண்ணச் செய்தார்.

அந்த அதிகாரத்தின் முடிவைக் கவனியுங்கள். அவன் அரச பந்தியில் உண்டான் என்று சொல்லிவிட்டு, அவனுக்கு இரு கால்களும் முடம் என்பதையும் சேர்த்தே சொல்லி முடிக்கிறது. கால் குணமானபின் பந்திக்கு அழைக்கவில்லை. முடமான காலோடுதான் அழைத்தார். பந்தியில் உட்கார்ந்தபின் மேசைக்குக் கீழேயிருக்கும் கால் யார் கண்ணுக்குத் தெரியும்?

இதைவிடப் பெரிய அரசரின் பந்தி நம் பீடத்தில் இருக்கிறது. அதன் வாசலில் நின்றுதான் நான் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினேன். அப்படி அனுப்பத் திருச்சபை எனக்கு உத்தரவு கொடுத்ததா? 1910ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், சிறு பிள்ளைகளைத் திவ்விய நற்கருணையிலிருந்து வீணாகத் தள்ளி வைக்கக் கூடாது, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் அறிந்து, தன் வயதுக்கேற்ற பக்தியோடு வந்தால் போதும் என்று தெளிவாக்கினார். 2020ஆம் ஆண்டில் ரோமாபுரி வெளியிட்ட மறைக்கல்விக்கான பொது வழிகாட்டி, ஊனமுற்றோருக்குத் திருவருட்சாதனங்களை எவரும் மறுக்க முடியாது என்றே கூறுகிறது. நான் திருச்சபையின் பெயரால் பேசினேன். ஆனால் திருச்சபை பேசியதை நான் பேசவில்லை.

எனக்கு முன்மாதிரியாக ஒரு குருவானவர் இருந்தார். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த சுவாமி தெ லெப்பே, காது கேளாத இரு சகோதரிகளைச் சந்தித்தார். இவர்களுக்கு ஞானோபதேசம் கிடைக்காமற் போகுமே என்ற கவலை அவரைத் தூங்கவிடவில்லை. "விளங்காது" என்று அவர்களை அனுப்பிவிடாமல், விளங்கவைக்கும் வழியை அவர் தேடினார். காது கேளாதோர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சைகைகளை அவர்களிடமே மாணவனாயிருந்து கற்றார். அவர் தொடங்கிய இலவசப் பள்ளியிலிருந்து உலகின் பல நாடுகளுக்குச் சைகை மொழிக் கல்வி பரவியது. ஒரு குருவானவர் இரு சிறுமிகளைத் திருப்பி அனுப்பாததன் பலன் அது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோரே, பிள்ளையை ஒளிக்காதீர்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு இருமடங்கு உண்மை. தலை நிற்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு வரவில்லை என்று கண்டால் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று நாளைக் கடத்தாமல் மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லுங்கள். டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டு போய்க் காட்டுங்கள். ஆய்க்குடிச் சங்கத்தின் பணியாளர்கள் சுற்றுக் கிராமங்களுக்குப் போய், சிறு வயதிலேயே இத்தகைய பிள்ளைகளைக் கண்டுபிடித்து, தாய்மாருக்கே பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் நுவரெலியாவிலும் 1980களின் இறுதியில் தொடங்கப்பட்ட மென்கஃபெப் என்னும் அமைப்பு மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய குடும்பங்களுக்காகவும் உழைத்து வந்திருக்கிறது. சில அரசாங்கப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் உண்டு. வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவித் திட்டங்களைப் பற்றி விசாரியுங்கள். கேட்பது பிச்சையல்ல, உரிமை.

ஆசிரியர்களே, வகுப்பு பின்தங்கிவிடுமே என்று நீங்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளை ஒருவராகச் சமாளிக்கும் உங்கள் பாரமும் தெரியும். பயிற்சியும் உதவியாளும் தரவேண்டியவர்களிடம் உங்களோடு சேர்ந்து நாங்களும் கேட்போம். ஆனால் கடைசி வாங்கில் ஓர் இடத்தை இன்றே ஒதுக்குங்கள். ஒன்றை நான் கண்ணாரக் கண்டேன்: சக்கர நாற்காலியைத் தள்ளிப் பழகிய கை, எந்தப் பாடப் புத்தகமும் கற்பிக்காத ஒன்றைக் கற்றுக்கொள்கிறது.

வாலிபர் சங்கத்தாரே, திருநாளுக்குத் தோரணம் கட்டும் கை உங்கள் கை. இந்த ஆண்டு ஒரு மூட்டை சீமெந்து வாங்கிக் கோவில் படியோரத்தில் ஒரு சரிவுப் பாதை போடுங்கள். திமிர்வாதக்காரனைத் தூக்கிய நால்வரைப் போல நீங்கள் கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை; வாசலை அகலமாக்கினால் போதும். அந்த நால்வரின் விசுவாசத்தைக் கண்டுதான் ஆண்டவர் அவனோடு பேசினார் என்பதையும் மறவாதீர்கள்.

உடன் குருக்களே, ஞானோபதேச ஆசிரியர்களே, உங்களுக்கு உபதேசிக்க எனக்குத் தகுதி இல்லை. என் கதையை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

முழுப் பேர்

ஆய்க்குடியிலிருந்து திரும்பிய அந்த மாதமே பழைய பங்குக்குப் போனேன். லயத்தை விசாரித்துக் கண்டுபிடித்தேன். தாய்க்கு முடி நரைத்திருந்தது. மகளுக்கு இருபத்தொரு வயது. இஸ்தோப்பில் உட்கார்ந்து விறகுச் சுள்ளிகளைச் சின்னது பெரியதாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, தலையைக் குனிந்து சிலுவைக்காகக் காத்து நின்றாள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த சிலுவையை அவள் மறக்கவில்லை.

"அம்மா, அன்றைக்கு நான் தவறு செய்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அந்தத் தாய் பதறிப்போனாள். "அய்யோ, அப்பிடிச் சொல்லாதீங்க சாமி" என்று முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அந்தக் காம்பராவின் மூலையில் திரு இருதய ஆண்டவர் படம் இருந்தது. அதற்கு முன்னால், ஒவ்வோர் இரவும் மகளை உட்கார வைத்து அந்தத் தாய் செபம் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறாள். அப்பம் வேறு, ஆண்டவர் வேறு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கோவிலுக்கு அழைத்துப் போய், கையில் ஒரு துண்டு ரொட்டியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். "ரொட்டி" என்றாள். நற்கருணைப் பேழையைக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முழந்தாளிட்டுக் கைகூப்பினாள்.

எனக்கு அதற்குமேல் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. பத்து வயதிலும் அவள் இதைத்தான் செய்திருப்பாள். நான்தான் கேட்கவில்லை.

சென்ற பாஸ்குக் காலத்தில், இப்போதைய பங்குச் சுவாமியின் அனுமதியோடு, அவளுக்குப் புது நன்மை கொடுத்தேன். வெள்ளைச் சட்டையைத் தாயே தைத்திருந்தாள். எட்டு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் இருபத்தொரு வயதுப் பெண்ணாக, எல்லாரையும்விட உயரமாக நின்றாள். புத்தகத்தில் அவள் பெயரை நானே எழுதினேன். ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் சேர்த்து, முழுப் பேராக எழுதினேன்.

ஆனால், வாசகர்களே, இதை மகிழ்ச்சியான முடிவு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். நன்மையைக் கொடுக்க முடிந்தது. பாடசாலையில் அவள் இருந்திருக்க வேண்டிய ஆண்டுகளை என்னால் கொடுக்க முடியாது. அவளுக்குத் தன் பெயரை வாசிக்கத் தெரியாது. நான் எழுதியதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு நான் "எழுதிக்கொள்கிறேன் அம்மா" என்று சொல்லியிருந்தால், கோவில் ஏற்றுக்கொண்ட பிள்ளையைப் பாடசாலையும் ஏற்றிருக்கலாம். யாருக்குத் தெரியும்?

உங்கள் லயத்தில், உங்கள் வரிசையில், ஒருவேளை உங்கள் வீட்டிலேயே, இன்றைக்குப் பத்து வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. நம்மைத் தம் உள்ளங்கையில் பொறித்து வைத்திருப்பதாக இசையாஸ் வழியாக ஆண்டவர் சொன்னார். ஆணி பாய்ந்த அந்தக் கையில் அரைப் பேர் என்று ஒன்று இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாங்கள் வாசலிலிருந்து நகர்ந்து நிற்கிறோம்.